ரிஜெக்ட் நடத்திய தபால் ஆபீஸ்

தண்ணீர் மீட்டர் சோதனைக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ரிஜெக்ட். நீளமான மேஜையில் பத்து மீட்டர்களை வரிசையாகக் கோத்து, அளந்த தண்ணீரை அவற்றின் வழியே விட்டு, எது கூட்டிக் காட்டுகிறது, எது குறைத்துக் காட்டுகிறது என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. மற்ற சோதனையாளர்கள் பத்தில் ஒன்றைத் தள்ளினால் இவர் நான்கைத் தள்ளுவார். தள்ளியதோடு விட்டாலாவது பரவாயில்லை. மீட்டரைக் கொண்டுவந்தவரை ஜன்னலருகே கூப்பிட்டு, "இத மீட்டர்னு யாரு சொன்னா உங்ககிட்ட?" என்று கேட்பார். வந்தவர் விழிப்பார். அந்த விழிப்பைப் பார்ப்பதற்காகவே சம்பளம் இல்லாமலும் அந்த வேலைக்கு வருவார் என்று கூடத்தில் பேச்சு.

எட்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருக்கிற வேலை ஒரு மனிதனுக்குப் போதும். அவருக்குப் போதவில்லை. வீட்டிலும் ஒன்று வேண்டியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்துக்கொண்டார். மெயிலை வாங்கவும் அனுப்பவும் வீட்டுக்குள்ளேயே ஒரு தபால் ஆபீஸ்.

பார்வைக்கு அது ஒன்றுமில்லை. மூடி கழன்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று, குண்டுக் குழந்தை கனத்தில் ஒரு பேட்டரி, பின்னிக் கிடக்கும் ஒயர்கள். படுக்கையறைத் துணி அலமாரியின் நடுத்தட்டில் குடியிருந்தது. அந்தத் தட்டில் இருந்த மனைவியின் துணிகள் கட்டிலடியில் ஒரு சூட்கேஸுக்குப் போயின. காற்று வேண்டும் என்பதால் அலமாரிக் கதவை மூடக் கூடாது. அறைக்குள் எந்நேரமும் தேனீக்கள் அடைத்த டப்பா ஒன்று திறந்து கிடப்பது போல ஓர் இரைச்சல்.

"ஊரு உலகமே ஓசி வீட்டுல குடியிருக்கு. வாடகை கிடையாதுன்னு குதிக்கிறாங்க. வீட்டுக்காரன் தினம் உள்ள வந்து பெட்டியத் தொறந்து கடுதாசியப் படிச்சிட்டுப் போறான். இவங்களும் பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. சூடு சொரணை வேணாமா?" என்பார். பெரிய கம்பெனிகள் இலவசமாகத் தரும் மெயிலைத்தான் அப்படிச் சொல்வார். சொன்னதில் பொய் இல்லை. தொல்லையே அதுதான். ஒரு விஷயத்தில் சரியாக இருந்துவிட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசில்லை.

அவர் சர்வருக்குச் சட்டதிட்டம் உண்டு. வெளியிலிருந்து ஒரு மெயில் வந்தால், அதைக் கொண்டுவரும் இயந்திரம் வாசலில் நின்று முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரும், அது வந்த இடத்தின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வாசலோடு சரி. கடிதம் உள்ளே வராது, எங்கும் சேமிக்கவும் படாது. லாக் என்கிற வருகைப் பதிவில் நாள், நேரம், யார், யாருக்கு, மறுக்கப்பட்டது என ஒற்றை வரி மட்டும் விழும். மற்ற சர்வர்கள் இவ்வளவு பார்ப்பதில்லை. சந்தேகப்பட்டதைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். "அதெல்லாம் சர்வரா, சத்திரம்" என்பார்.

வெறுமனே மறுப்பது அவருக்குச் சப்பென்று இருந்தது. மறுக்கும்போது அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதிப் போடலாம் என்று வசதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து, அடித்து அடித்து, அதை எழுதினார்: "தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களுடன் இந்த முகவரியில் கடிதப் போக்குவரத்து இல்லை. கற்றுக்கொண்டு வரவும்." ஒரு கவிஞன் தன் கடைசி வரியைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய இலக்கியம் அது ஒன்றுதான்.

ஏழு வருஷமாக அந்தத் தபால் ஆபீஸுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாளொன்றுக்குப் பதினான்கு கடிதம் என்றால் பதினொன்று அந்த இயந்திரமே அவருக்கு எழுதியது. டிஸ்கில் இடம் இவ்வளவு இருக்கிறது, பேட்டரி நலம், இன்று இத்தனை பேரை விரட்டினேன். காலைக் காப்பியோடு அதையெல்லாம் வரி விடாமல் படிப்பார். இவரிடமிருந்து போகிற கடிதங்களின் கதை அதைவிட மோசம். வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் நம்புவதில்லை. பாதிக்குமேல் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

மச்சினனிடம் மட்டும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அவன் வீட்டுக்கு வந்தபோது கேட்டான்.

"மாமா, கடைத் திறப்புக்கு உங்களுக்கு மெயில் அனுப்புனேனே. கத்துக்கிட்டு வான்னு பதில் வந்துச்சு. எத கத்துக்கிட்டு வரணும்?"

"நீ எந்தச் சர்வர்லேர்ந்து அனுப்புன?"

"எனக்கென்ன தெரியும்? பட்டன அமுக்குனேன்."

"அதத்தான் கத்துக்கணும்."

"சரி மாமா. திறப்பு விழா முடிஞ்சுபோச்சு. நான் மெதுவா கத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்த அழைப்பு வந்து சேரவில்லை. வீட்டில் இரண்டு பேருக்குமே முகவரி ஒரே வாசலில்தான் இருந்தது. கல்யாண நாள் பரிசாக அவளுக்கும் அதில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். "உன் பேருல சொந்த இடம். பின்னால நம்பர் கிம்பர் எதுவும் இல்ல பாரு" என்றார். அவள் ஒரு குடை கேட்டிருந்தாள்.

அவள் செயற்கைப் பல் செய்கிறவள். பதினொரு வருஷமாக ஒரே பல் லேபில், அரைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாயைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வெள்ளை என்று சொல்லிவிடுவாள். பதினாறு வெள்ளை உண்டு. மற்றவர்கள் மாதிரிப் பட்டையை வைத்துப் பார்த்துத் தடுமாறும்போது இவள் தலையை நிமிர்த்தாமலே எண்ணைச் சொல்வாள். அந்தக் கைக்கும் கண்ணுக்கும் கிடைத்தது தூசி. பிளாஸ்டர் தூசி, பிளாஸ்டிக் தூசி. முகமூடி போட்டாலும் சாயங்காலம் துப்பினால் ரோஜா நிறத்தில் வரும். ரத்தமில்லை, ஈறு செய்கிற பொடி. போன வருஷம் தொடங்கிய இருமல் நிற்கவில்லை. நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "மருந்து எழுதித் தரேன்மா. ஆனா அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சாத்தான் இது நிக்கும்."

எழுந்திருக்க ஒரு வழி வந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் பயிற்றுநர் வேலை, ஓர் இடம். மாணவர்களுக்கு மெழுகில் பல் செதுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெழுகில் தூசி கிடையாது. விண்ணப்பத்தில் மெயில் முகவரி என்ற கட்டத்தில் தம்பியின் முகவரியைப் போட அவள் பேனாவைக் கொண்டுபோனபோது ரிஜெக்ட் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்த முகவரி இருக்கும்போது கண்டவன் முகவரி எதுக்கு? நம்மளோடத போடு. பாக்குறவனுக்கு ஒரு மதிப்பு வரும்."

போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமையிலிருந்து தினமும் கேட்க ஆரம்பித்தாள். "என்னங்க, எனக்கு எதாச்சும் வந்துச்சா?"

"வந்தா உன் பெட்டில இருக்கும்."

"பெட்டில இல்லங்க."

"அப்ப வரல. என் சர்வர்ல ஒரு கடுதாசி தொலையாது. ஏழு வருஷத்துல ஒண்ணு தொலைஞ்சதுன்னு காட்டு, மீசைய எடுத்துடறேன்."

வியாழக்கிழமை அவள் கேட்கவில்லை. இருமிக்கொண்டே சூட்கேஸை இழுத்துத் துணி எடுத்தாள். கேட்டபோது வராத உறுத்தல் கேட்காதபோது வந்தது அவருக்கு. வெள்ளிக்கிழமை காலை, காப்பி கையில் இருக்க, லாக்கைத் திறந்து அவள் பெயரைத் தேடினார்.

இரண்டு வரிகள் இருந்தன. செவ்வாய் பதினொன்று நாற்பத்திரண்டு. புதன் மூன்று ஐந்து. கல்லூரி அலுவலகத்திலிருந்து மனைவிக்கு. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

அவருக்கு முதலில் வந்தது கோபம். கல்லூரியின் சர்வர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தது, எண்ணைப் பார்த்தால் வேறு யாரோ. எவனோ ஓர் அரைவேக்காடு வைத்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பல் மருத்துவக் கல்லூரியாம். இதைச் சரியாக வைக்கத் தெரியாதவன் ஊர் வாயில் கையை வைக்கிறானாம். கோபம் தீர்ந்த பிறகு, அதன் அடியில் வேறு ஒன்று ஈரமாக, மெதுவாகக் கசிந்து ஏறியது. கடிதத்தில் என்ன இருந்தது? தெரிய வழியில்லை. உள்ளேயே விடவில்லை.

கல்லூரி இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. நடந்தால் இருபது நிமிஷம். ஃபோன் எண் விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ரிஜெக்ட் உட்கார்ந்து மெயில் எழுதினார். "தங்கள் சர்வரின் பெயர் அமைப்பில் உள்ள பிழை காரணமாக" என்று தொடங்கி, அந்தப் பிழையை மூன்று பத்தியில் விளக்கி, அதைத் திருத்தும் முறையை எண் போட்டுச் சொல்லி, கடைசியில் போனால் போகிறது என்பது போல, கடிதத்தை மறுபடி அனுப்பும்படி ஒரு வரி. சரியாகப் பத்து மணிக்கு அனுப்பினார். அன்று கூடத்துக்குத் தாமதம்.

சாயங்காலம் அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு அரை நாள் ஆபீஸ் இருக்கும்ல? ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமாங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எழுதியாகிவிட்டது, பதில் வந்துவிடும், வந்ததும் 'இந்தா' என்று நீட்டிவிட்டால் நடுவில் நடந்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டார்.

"ஃபோனெல்லாம் வேணாம். பறக்குறோம்னு நெனைப்பாங்க. கூப்பிடறவன் கூப்பிடுவான்."

அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். பதினொரு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இரண்டு நாள் பெரிதில்லை என்று அவருக்குத் தோன்றியது. சனி போனது, ஞாயிறு போனது. பதில் வரவில்லை. சர்வர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது. டிஸ்கில் இடம் இருக்கிறது, பேட்டரி நலம்.

திங்கள் சாயங்காலம் அவள் யாரையும் கேட்காமல் கல்லூரிக்கு ஃபோன் செய்துவிட்டாள். எடுத்த கிளார்க், "உங்க மெயில் திரும்பி வந்துடுச்சேம்மா. காலைல வந்து கண்காணிப்பாளர் மேடத்தப் பாருங்க" என்றார்.

"திரும்பி வந்துச்சாமே?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"அவங்க சர்வர்ல கோளாறு இருக்கும். நானும் வரேன். விவரம் தெரியாதவங்ககிட்ட நீ போயி என்ன பேசுவ?" என்றார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். அவள் கைப்பையில் மெழுகுப் பற்கள் நான்கைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். தேர்வு ஏதாவது உடனே வைத்தால் காட்டலாம் என்று நினைப்பு. அவர் கையில் லாக் பிரிண்ட் எடுத்துச் சொருகிய ஃபைல்.

அலுவலகம் நீளமான அறை. ஆறு மேஜை, சுவரோடு சுவராக இரும்பு பீரோக்கள், கோடியில் கண்ணாடி போட்ட கண்காணிப்பாளர் அம்மாள். மனைவி பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் நிமிர்ந்து மேலும் கீழும் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். அதன்மேல் ஒரு தாள் பின் அடித்திருந்தது.

"நீங்கதானா அது? வாங்க. ரொம்பப் படிச்சவங்கபோல." தாளைத் தூக்கிப் பிடித்து அறைக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களுடன் இந்த முகவரியில் கடிதப் போக்குவரத்து இல்லை. கற்றுக்கொண்டு வரவும். ஏம்மா, இருபத்தேழு வருஷ சர்வீஸ் எனக்கு. வேலை கேக்குற இடத்துக்கு இப்படியா எழுதுவாங்க?"

ஆறு மேஜையும் சிரித்தது. ஒரு கிளார்க், "மேடம், உங்க பேர முதல்ல சரியாச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தார்.

"நான் எழுதலங்க மேடம்" என்றாள் அவள். நடுவில் இருமல் வந்தது. "சத்தியமா நான் எழுதல."

"உங்க முகவரிலேர்ந்துதான்மா வந்துச்சு. ரெண்டு தடவ அனுப்புனோம், ரெண்டு தடவயும் இதே வசனம். ஃபோன் பண்ணலாம்னு எடுத்தேன். இதப் படிச்சிட்டு வச்சிட்டேன். இவ்வளவு திமிரா இருக்குறவங்களுக்கு நான் எதுக்கு ஃபோன் பண்ணணும்? நேத்து இன்டர்வியூ முடிஞ்சுது. ஆளு போட்டாச்சு."

அவள் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதாவது அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஃபைலைப் பிரித்தார். "ஒரு நிமிஷம் மேடம். அது சர்வர் தானா அனுப்புற பதில். தப்பு உங்க பக்கம். உங்க சர்வர் சொல்ற பேரும் அதோட எண்ணும் ஒத்துப்போகல. இந்த வரியப் பாருங்க."

"நீங்க யாரு?"

"இவங்க வீட்டுக்காரர். சர்வர் என்னோடது."

"ஓ" என்றார் அந்த அம்மாள். அந்த ஒற்றை எழுத்தில் அவரை எடைபோட்டு, விலைபோட்டு, ஓரமாக வைத்துவிட்டார். "எழுதுனது நீங்கதானா?"

"எழுதுனது நான்தான். ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் நான் சும்மா இருக்கல. வெள்ளிக்கிழம பத்து மணிக்கே உங்களுக்கு விவரமா எழுதி, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன். பதில் போடாதது நீங்க. வேணும்னா தேடிப் பாருங்க."

எடுத்துக்கொடுத்த அதே கிளார்க் தேடினார். "இருக்கு மேடம். குப்பைப் பெட்டில கெடக்கு. முடி வளர்ற எண்ணெய்க்கும் லாட்டரிப் பரிசுக்கும் நடுவுல. வெள்ளி, பத்து மணி. சார் சொல்றது கரெக்ட்டுதான்."

ரிஜெக்ட் நிமிர்ந்து நின்றார். தான் சொன்னது ரிகார்டோடு நிரூபணம் ஆனதில் ஒரு கணம் அவர் முகத்தில் வெளிச்சம்கூட வந்தது. அந்த முகத்தோடுதான் மனைவி பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் அவள்.

அவர் ஃபைலை மூடினார்.

"வெள்ளிக்கிழம காலைலயே தெரியுமா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, வேறு குரலில், "உக்காரும்மா. தண்ணி குடி" என்றார். "அடுத்த இடம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வந்தா சொல்லி அனுப்புறேன். ஒழுங்கா போய்ச் சேர்ற முகவரி எதாவது இருக்கா?"

"இல்ல மேடம். இவரு கிட்ட சொல்லி ஒண்ணு திறந்து குடுப்பீங்களா?" என்று கிளார்க்கைக் காட்டினாள். இரண்டு நிமிஷத்தில் ஆயிற்று. இலவச மெயில். அவள் பெயர் ஏற்கனவே யாரிடமோ இருந்ததால் பின்னால் நான்கு எண்ணைச் சேர்க்கச் சொன்னது. "எந்த நம்பர்மா போடட்டும்?" என்றார் கிளார்க். "எதுவா இருந்தா என்னங்க? வந்து சேந்தா போதும்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். டிக்கெட் அவர்தான் எடுத்தார்.

"அவங்க பேர் அமைப்பு தப்புதான். யாருகிட்ட வேணும்னாலும் கேளு" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வந்த கடுதாசியத் திருப்பி அனுப்ப நீங்க யாரு?"

"நான் அனுப்பல. அது ரூல்."

"ரூல் யாரு எழுதுனது?"

"ஒரு ஒழுங்கு வேணாமா? எல்லாத்தையும் உள்ள விட்டா..."

"பதினொரு வருஷமா பல்லு செய்றேன்" என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "சில பல்லு பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கும். வாயில வச்சா கடிக்காது. அத நாங்க யாரும் கண்ணாடிப் பொட்டில வச்சுக் கும்பிடறதில்ல. தூக்கிப் போட்டுட்டு வேற செய்வோம். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஃபோன் என் கையில இருந்துச்சு. வேணாம்னு சொன்ன வாய் உங்களோடது. எனக்கு அது போதும்."

"பதில் வந்துடும்னு நெனச்சேன்."

"எங்கேர்ந்து? குப்பைலேர்ந்தா?"

அவர்கள் இறங்க வேண்டியதற்கு முந்தின நிறுத்தத்தில் எழுந்து இறங்கிப் போனாள். பல் லேப் அங்கேதான். அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தாள்.

அவர் வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனார். அன்று பத்தில் ஆறு மீட்டரைத் தள்ளினார் என்று சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சமையல் நடந்தது, பேச்சு நடந்தது. கடைக்குப் போனால் சோப்பு வாங்கிட்டு வாங்க என்கிற அளவுக்குப் பேச்சு. அவள் எதையும் உடைக்கவில்லை, எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மனைவியின் பெயருக்கு ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்தார். வந்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை. வங்கி, டாக்டர், தம்பி, தோழிகள் எல்லோரும் எப்போதோ வேறு வாசலுக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கணக்கில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. ஒவ்வோர் அமைப்பாகத் திறந்து பார்த்தார். பிழை எதுவும் இல்லை. கடைசியில் தன் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு, 'சோதனை' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினார். எழுந்துபோய் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. அவள் கடவுச்சொல் அவரிடமே இருந்தது. அவரே அவள் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

வந்திருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டர்மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.